பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்

தோட்டங்களிலிருந்து வெளியிடங்களுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் யுவதிகளுக்கான கருத்தரங்கில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை

தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, பெற்றோர்களே, வேலைக்குப் புறப்பட ஆயத்தமாக இருக்கும் தம்பிமார்களே, தங்கச்சிமார்களே!

இன்று நாங்கள் நாட்சம்பளத்தைப் பற்றியோ கொழுந்து நிறுவையைப் பற்றியோ பேச வரவில்லை. அவற்றைப் பற்றி நாம் எப்போதும் பேசுகிறோம், இனியும் பேசுவோம். இன்று பேசப் போவது, நாம் அதிகம் பேசாமல் விட்டுவிட்ட ஒரு விடயம். புதிதாக வேலைக்குப் போன இடத்தில், கூட வேலை செய்கிறவர்கள் எமது பிறப்பையும் ஊரையும் இனத்தையும் சொல்லி இழிவாகப் பேசினால் என்ன செய்வது?

ஒரு காலத்தில் பிரட்டில் பேர் விழுந்தால்தான் காம்பராவில் அடுப்பெரியும் என்றிருந்தது. இன்று லயத்துக்கு லயம் வெளியில் வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புறக்கோட்டைக் கடைகளிலும், கட்டுநாயக்க, பியகம வலயங்களின் ஆடைத் தொழிற்சாலைகளிலும், ஹோட்டல்களிலும், கட்டட வேலைத்தளங்களிலும், பணக்கார வீடுகளிலும் எமது பிள்ளைகளின் உழைப்பு இருக்கிறது. கிளாக்கராகவும் ஆசிரியராகவும் தாதியாகவும் போகிறவர்களும் இருக்கிறார்கள். அனுப்பும்போது நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? "கவனமாக இரு, காசை வீணாக்காதே, போன் எடு" என்று சொல்கிறோம். அங்கே கேட்கப்போகும் சொற்களைப் பற்றி ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை.

அந்தச் சொற்கள் எவை என்று உங்களுக்குத் தெரியும். மூடி மறைத்துப் பேசுவதால் பயனில்லை. "தோட்டக்காட்டான்" என்பார்கள். "கள்ளத்தோணி" என்பார்கள். சிங்களத்தில் "வத்தே தெமளு" என்பார்கள். "இந்தியாவுக்குப் போ" என்பார்கள். "லயத்துப் பிள்ளைக்கு இவ்வளவு நல்ல உடுப்பா?" என்று சிரிப்பார்கள். இதில் ஒன்றை நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்படிப் பேசுகிறவர்கள் சிங்களவர்கள் மட்டுமல்லர். தமிழ் பேசும் முதலாளியிடமிருந்தும், எம்மொழி பேசும் சக தொழிலாளியிடமிருந்தும் இதே சொல் வரும். 1970களிலும் 1980களிலும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய எமது குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களும் இதைக் கேட்டவர்கள்தான். எனவே இதை ஓர் இனத்தின் குற்றமாகப் பார்க்க வேண்டாம். உழைக்கிறவனைத் தாழ்த்தி வைத்தால் அவனுக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்ற பழைய கணக்கு இந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கிறது.

மூன்று வழிகள், மூன்றும் நட்டம்

சங்கக் காரியாலயத்துக்கு வரும் பிள்ளைகளின் கதைகளை நாங்கள் பல வருடங்களாகக் கேட்டு வருகிறோம். பெரும்பாலும் மூன்று விதமாகவே நடந்திருக்கிறது.

முதலாவது, கை நீட்டுவது. சொன்னவனை ஒரு தம்பி அடித்துவிடுவான். அடித்த பிறகு விசாரணையில் அடியைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். என்ன சொல்லி அவனைச் சீண்டினார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். சொன்னவன் மருந்து கட்டிக்கொண்டு வேலையில் இருப்பான். எமது தம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஹற்றன் பஸ் ஏறுவான். மூன்று மாத உழைப்பும் போய்விடும், "தோட்டத்துப் பொடியன் சண்டைக்காரன்" என்ற பெயரும் நிலைத்துவிடும்.

இரண்டாவது, ஒன்றும் சொல்லாமல் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது. தாய் கேட்டால் "சாப்பாடு ஒத்துவரவில்லை" என்று சொல்வார்கள். உண்மை அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும். அடுத்த மாதம் பக்கத்து டிவிசனிலிருந்து இன்னொரு பிள்ளை அதே இடத்துக்கு, ஒன்றும் தெரியாமல் போய்ச் சேரும்.

மூன்றாவது, ஊரை மறைப்பது. "எந்த ஊர்?" என்று கேட்டால் "நுவரெலியா டவுன்" என்பது. அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டால் "பிஸ்னஸ்" என்பது. இப்படிச் சொல்கிற பிள்ளைகளை நாங்கள் குறை கூற மாட்டோம். காயம் படாமல் இருக்கத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் மறைத்தவர் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே வேலை செய்ய வேண்டும். தாய் பார்க்க வந்தால் வாசலுக்கு வெளியே வைத்துப் பேச வேண்டும். அது சம்பளத்தில் வெட்டுவதைவிடப் பெரிய வெட்டு.

இந்த மூன்றும் இல்லாத ஒரு வழி வேண்டும். அதைத்தான் இன்று சேர்ந்து யோசிக்கிறோம்.

எமது கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

வெளியே போகும் பிள்ளையின் பையில் அடையாள அட்டை இருப்பது போல, மனதில் எமது வரலாறும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பாடம் நடத்துவதற்காக அல்ல. ஒரு சொல் கேட்டவுடன் உள்ளுக்குள் கூனிப் போகாமல் இருப்பதற்காக.

"கள்ளத்தோணி" என்கிறார்களே, எம்மவர்கள் எப்படி வந்தார்கள்? 1820களில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, வெள்ளைக்கார அரசாங்கத்தினதும் தோட்டத் துரைமாரினதும் தேவைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே இறந்தவர்கள் கணக்கில் அடங்காதவர்கள். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் வைத்து மருத்துவச் சோதனை செய்து, பதிவு செய்து அனுப்பினார்கள். இந்தத் தோட்டத்துக்குரியவர் என்று அடையாளம் காட்டத் தகரத் துண்டு கொடுத்து அனுப்பிய காலமும் இருந்தது. தகரத் துண்டில் எண் போட்டுக் கூட்டி வந்தவர்களைக் கள்ளமாக வந்தவர்கள் என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

"இந்தியாவுக்குப் போ" என்கிறார்களே, அதற்கும் வரலாறு இருக்கிறது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துப் பாராளுமன்றத்துக்கு எமது பிரதிநிதிகளை அனுப்பிய மக்கள் நாம். அடுத்த வருடமே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எங்களைக் கேட்காமலே இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். குடும்பங்கள் பிரிந்தன. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகுதான் நாடற்றவர் என்ற பிரச்சினை தீர்ந்தது. இன்று உங்கள் கையிலுள்ள அடையாள அட்டை யாரும் தானமாகத் தந்ததல்ல. அதற்காக இரண்டு மூன்று தலைமுறை போராடியிருக்கிறது.

பழைய சட்டங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் எமது முன்னோரை "கூலி" என்றே எழுதினார்கள். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சங்கத்தை உருவாக்கி, மீனாட்சி அம்மையுடன் தோட்டம் தோட்டமாகப் போன காலத்திலிருந்து, "நாங்கள் தொழிலாளர்கள்" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சொல் மறைந்தது. அதேபோல் "மலையகத் தமிழர்" என்ற பெயரையும் நாமே எமக்குச் சூட்டிக்கொண்டோம். எம்மை என்ன பெயரால் அழைப்பது என்பதும் தொழிற்சங்க விடயம்தான். சம்பளத்தைப் போலவே அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

சொல் வந்தவுடன் என்ன செய்வது?

முதலில், எல்லாச் சொல்லும் ஒரே எடை அல்ல. கொழுந்தை நிறுப்பது போல அதையும் நிறுத்துப் பாருங்கள்.

சிலர் அறியாமல் பேசுவார்கள். "நீங்கள் எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்துவிட்டுப் போகிறவர்களா?" என்று உண்மையாகவே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களது பள்ளிக்கூடத்தில் எமது கதையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இவர்களிடம் கோபப்படத் தேவையில்லை. "நான் பிறந்தது இங்கே, என் தாத்தா பிறந்ததும் இங்கே" என்று சிரித்த முகத்துடன் சொல்லுங்கள். இப்படிக் கேட்டவர்களில் பலர் பிறகு நல்ல நண்பர்களாகியிருக்கிறார்கள்.

சிலர் பகிடியாகப் பேசுவார்கள். இதுதான் சிக்கலானது. எல்லோரும் சிரிப்பார்கள், நாமும் சிரித்துவிட்டால் அடுத்த நாளும் அதே பகிடி வரும். சிரிக்காதீர்கள். சண்டையும் பிடிக்காதீர்கள். நேராகப் பார்த்து, "அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? விளங்கவில்லை, சொல்லுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். தன் பகிடிக்குத் தானே விளக்கம் சொல்ல வேண்டி வரும்போது அவருக்கே அது இனிக்காது.

இன்னும் சிலர் நோகடிக்க வேண்டும் என்றே பேசுவார்கள். அவர்களிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். ஒரே வசனம் போதும்: "எனக்குப் பெயர் இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்." சிங்களத்தில் சொல்ல வேண்டுமானால், "மட்ட நமக் தியெனவா, நம கியலா கதா கரன்ன." இதைப் புறப்படுவதற்கு முன்பு வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பழகாத சொல் தேவைப்படும் நேரத்தில் வாயில் வராது. குரலை உயர்த்தாமல், கண்ணைத் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும். பதிலுக்கு அவருடைய இனத்தையோ மதத்தையோ தாயையோ இழுக்கக் கூடாது. இழுத்த அந்த நிமிடமே நியாயம் எமது கையை விட்டுப் போய்விடும்.

முதல் நாளே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்றில்லை. தகுதிகாண் காலத்தில் இருப்பவரை வேலையை விட்டு நிறுத்துவது இலகு என்பது எங்களுக்கும் தெரியும். வீட்டில் கடன் இருக்கலாம், தம்பியின் படிப்புச் செலவு இருக்கலாம். அன்றைக்குப் பேசாமல் இருந்தவர் கோழையல்ல. ஆனால் பேசாமல் இருந்தாலும் எழுதி வையுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிப் போர்டிங்கில் வைத்திருங்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், யார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள். நான்கு வரி போதும். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "கெட்ட வார்த்தை பேசினார்" என்று மட்டும் எழுதினால் பிறகு பயன்படாது. ஒரு தடவை நடந்தால் அது சம்பவம். ஆறு தடவை நடந்தது என்று திகதியோடு காட்டினால், "சும்மா பகிடிக்குச் சொன்னேன்" என்ற பேச்சு நிற்காது.

அடுத்தது, தனியாக இருக்காதீர்கள். எந்த வேலைத்தளத்திலும் ஒரு நல்ல மனிதராவது இருப்பார். சிங்கள அக்கா ஒருவர் இருப்பார். முஸ்லிம் நானா ஒருவர் இருப்பார். சேர்ந்து சாப்பிடுங்கள், வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். பலருக்கு முன்னால் அவமானப்படுத்தப்படும்போது, "அவளை அப்படிச் சொல்லாதே" என்று இன்னொருவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, நாம் சொல்லும் பத்து வார்த்தையின் பலம் உண்டு.

அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் மேற்பார்வையாளரிடமோ மனிதவளப் பிரிவிடமோ எழுத்தில் கொடுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டைக் காற்று கொண்டு போய்விடும். இழிவாகப் பேசுகிறவர் மேற்பார்வையாளராகவே இருந்தால், நேரே சங்கத்துக்கு வாருங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

இதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க நாங்கள் விரும்பவில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அது முக்கியமாக அரசாங்கத்தின் செயல்களுக்கு எதிராகப் பயன்படுவது. அரச அலுவலகமொன்றில் வேலை செய்கிறவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொடுக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1996. தனியார் கடையில் ஒருவர் சொன்ன சொல்லுக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது.

அப்படியானால் அங்கே ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சாதியைச் சொல்லி வேலைக்கோ கடைக்கோ பொது இடத்துக்கோ வரவிடாமல் தடுப்பது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பெண் பிள்ளைகளிடம் பாலியல் ரீதியாகத் தகாத வார்த்தை பேசுவதும் தொந்தரவு செய்வதும் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம்; அதற்குத் தொட வேண்டும் என்றில்லை, சொல்லே போதும். எமது தங்கச்சிமாரிடம் இழிவாகப் பேசுவதில் பாதி இப்படித்தான் வருகிறது. பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்தையும் போனில் பதிந்து வையுங்கள். முறைப்பாடு செய்ததற்காக வேலையை விட்டு நீக்கினால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் வழக்கு வைக்கலாம். ஆறு மாதம் கடந்தால் கதவு மூடிவிடும் என்பதை மறக்காதீர்கள். வேலைத்தளத்தில் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதிவு செய்யலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். எனவே நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் போகிறதா என்று பாருங்கள். இழிவாகப் பேசும் இடத்தில்தான் பெரும்பாலும் இவையும் ஒழுங்காக இருப்பதில்லை. "லயத்துப் பிள்ளைதானே, என்ன கேட்கப் போகிறாள்" என்ற நினைப்புத்தான் இரண்டுக்கும் வேர்.

எமது வாயையும் பார்ப்போம்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது கொஞ்சம் கசக்கும். மற்றவர்கள் எம்மைச் சொல்வதை மட்டும் பேசிவிட்டுப் போனால் இது நேர்மையான கூட்டமாக இருக்காது. தோட்டத்துக்குள் சாதி சொல்லிப் பேசுகிறவர்கள் எம்மிடையே இல்லையா? மேட்டு லயம், பணிய லயம் என்று பிரித்துப் பேசுவதில்லையா? தோட்டத்துக்கு வேலைக்கு வரும் கிராமத்துச் சிங்கள சகோதரியை மறைவில் கேலி செய்வதில்லையா? ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் வரும் பெண் பிள்ளையைப் பற்றிப் பீலிக்கரையில் என்னென்ன பேசுகிறோம்? கொழும்பில் "தோட்டக்காட்டாள்" என்று கேட்டுவிட்டு வரும் அதே பிள்ளை, இங்கே வேறொரு சொல்லைக் கேட்கிறாள். அவள் எங்கே போய் நிம்மதியாக மூச்சு விடுவாள்?

ஆகவே வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் முன்னால் இன்னொருவரை இழிவாகப் பேசும்போதும் வாய் திறவுங்கள். முஸ்லிம் தொழிலாளியின் உடுப்பைக் கேலி செய்தாலும், கிராமத்துச் சிங்களப் பிள்ளையின் பேச்சை நையாண்டி செய்தாலும், "வேண்டாம், விடுங்கள்" என்று சொல்கிறவர் நீங்களாக இருங்கள். நாளைக்கு உங்கள் பக்கம் நிற்பவர்களை அப்படித்தான் சேர்க்க முடியும்.

சங்கம் செய்ய வேண்டியவை

தலைவர்மார், தலைவிமார்களுக்கும் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் தோட்டத்திலிருந்து எந்தப் பிள்ளை எங்கே வேலைக்குப் போயிருக்கிறது என்று ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருங்கள். தோட்டத்தில் பேர் இல்லாததால் அவர்கள் எமது ஆட்கள் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. சந்தா கொடுக்காவிட்டாலும் அவர்கள் எமது உறுப்பினரின் பிள்ளைகள். மாதம் ஒரு தடவையாவது வீட்டாரிடம் விசாரியுங்கள். முறைப்பாடு எழுதத் தெரியாத பிள்ளைக்குச் சிங்களத்தில் எழுதிக் கொடுங்கள். எந்த இடத்தில் மரியாதையாக நடத்துகிறார்கள், எந்த இடத்தில் இல்லை என்பதை அடுத்துப் போகிற பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். பிரட்டுக்களத்தில் பொழுதுபோக்காகப் பேசுவதைவிட இது பெரிய உதவி.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை திடீரெனத் திரும்பி வந்தால், "ஏன் வந்தாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பிறகு மெதுவாக, "அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தோழர்களே, ஒரு சொல்லைத் தடுத்துவிட்டால் உலகம் மாறிவிடாது என்று சிலர் சொல்லலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. தேயிலை ஏற்றுமதியால் இந்த நாட்டுக்கு வருடத்துக்கு 100 கோடி டொலருக்கு மேல் வருமானம் வருகிறது. அதைக் கிள்ளித் தருகிற கைகளின் பிள்ளைகள் எந்த வேலைத்தளத்திலும் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. ஊரைக் கேட்டால் தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பாவின் தொழிலைக் கேட்டால் "தோட்டத் தொழிலாளி" என்று சொல்லுங்கள். பெயரைக் கேட்டால் முழுப் பெயரையும் சொல்லுங்கள். அந்தப் பெயரால்தான் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மாதர் சங்கத் தலைவி உங்கள் பெயர், போகுமிடம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதிக்கொள்வார். எழுதிக் கொடுக்காமல் ஒருவரும் போக வேண்டாம்.